இயற்பியல் கணக்கு வராதவர்களுக்கு: சூத்திரத்துக்கு முன்னால் ஒரு படம்

"சூத்திரம் எல்லாம் மனப்பாடம். ஆனால் கணக்கு வந்தால் எதைப் போடுவது என்றுதான் தெரியவில்லை." இயற்பியலில் திணறும் மாணவர்கள் பலரும் சொல்வது இதுதான். நானும் பள்ளியில் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கேள்வியில் இரண்டு எண்களைப் பார்த்ததுமே சூத்திரத்தைத் தேடி ஓடுவதுதான் நான் செய்த தப்பு. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்.

மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகும் காரில் பிரேக் பிடிக்கிறார்கள். முடுக்கம் மைனஸ் 5 மீ/வி², அதாவது ஒவ்வொரு வினாடியும் வேகம் 5 மீ/வி குறைகிறது. நிற்பதற்குள் கார் எவ்வளவு தூரம் போகும்?

1. படம் வரையுங்கள்

அழகாக வரைய வேண்டாம், ஒரு கோடு போதும். இடது முனையில் தொடக்கத் திசைவேகம், வலது முனையில் இறுதித் திசைவேகம் 0. கார் போகும் பக்கம் ஓர் அம்பு, முடுக்கத்தைக் காட்ட அதற்கு எதிர்ப்பக்கமாக ஓர் அம்பு. தூரத்துக்குக் கேள்விக்குறி.

இப்போது படத்தைப் பாருங்கள். நேரம் எங்கேயும் இல்லை. கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அப்படியென்றால் நேரம் இல்லாத சமன்பாடுதான் நமக்கு வேண்டும்: இறுதித் திசைவேகத்தின் இருமடி = தொடக்கத் திசைவேகத்தின் இருமடி + 2 × முடுக்கம் × தூரம். எந்தச் சூத்திரம் என்பதைப் படமே சொல்லிவிட்டது.

2. அலகை மாற்றுங்கள்

முடுக்கம் மீட்டரிலும் வினாடியிலும் இருக்கிறது; வேகத்தையும் அப்படி மாற்ற 72-ஐ 3.6-ஆல் வகுத்தால் 20 மீ/வி. இனி 0 = 400 − 10 × தூரம். விடை 40 மீட்டர்.

அலகை மாற்ற மறந்து 72-ஐ அப்படியே போட்டிருந்தால் 518 மீட்டர் என்று வரும். பிரேக் பிடித்த கார் அரை கிலோமீட்டர் தாண்டிப் போயா நிற்கும்? விடை எழுதியதும் இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தாலே பாதித் தப்புகள் பிடிபட்டுவிடும். அலகில் கோட்டை விடுவது மாணவர்கள் மட்டுமில்லை. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனதற்கும் இதுதான் காரணம். ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு கணக்கில் எண்களைக் கொடுத்தது. வாங்கிக்கொண்ட பக்கம் அவற்றை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது.

3. ஒன்றை மாற்றிப் பாருங்கள்

விடை வந்ததும் நோட்டை மூடாதீர்கள். வேகம் இரண்டு மடங்கானால்? தூரமும் இரண்டு மடங்கு என்றுதான் மனசு சொல்லும். போட்டுப் பாருங்கள்: 160 மீட்டர், நான்கு மடங்கு. புதிதாகப் பத்துக் கணக்கு போடுவதைவிட, ஒரே கணக்கை இப்படி நான்கு விதமாக மாற்றிப் போடுவதையே நான் சொல்வேன்.

4. விசைகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்

மேலே எறிந்த பந்து கையை விட்டுவிட்டது. அதன்மேல் என்னென்ன விசைகள்? நிறையப் பேர் மேல்நோக்கி "எறிந்த விசை" என்று ஓர் அம்பு போடுவார்கள். ஒவ்வோர் அம்பையும் "இதைக் கொடுப்பது யார்?" என்று கேளுங்கள். கைதான் விலகிவிட்டதே! காற்றின் தடையை விட்டுவிட்டால் மிச்சம் புவியீர்ப்பு மட்டும்தான். பந்து உச்சியில் கணநேரம் நிற்கும்போதும் முடுக்கம் 9.8 மீ/வி², கீழ்நோக்கித்தான். திசைவேகம் 0 என்பதால் முடுக்கமும் 0 என்று எழுதி மார்க்கைத் தொலைப்பவர்கள் ஏராளம்.

5. விடையை மூடிவிட்டுப் போடுங்கள்

தீர்த்து வைத்த கணக்கைப் படிக்கும்போது எல்லாமே புரிந்த மாதிரிதான் இருக்கும். மூடிவிட்டு எழுத ஆரம்பித்தால்தான் எங்கே சிக்குகிறது என்று தெரியும். சிக்கிய கணக்குகளுக்குத் தனி நோட்டு போட்டு, மறுநாள் பார்க்காமல் மறுபடியும் போடுங்கள்.

6. ஆய்வகத்தை விட்டுவிடாதீர்கள்

ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம், சுமார் 2 வினாடி. ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் 0.2 வினாடி பிசகினால், ஓர் அலைவை மட்டும் அளந்தவருக்கு அது பத்து சதவீதப் பிழை. 20 அலைவுகளை அளந்து 20-ஆல் வகுத்தால் அதே பிசகு 0.01 வினாடியாகச் சுருங்கிவிடும். எண்ணும்போது மட்டும் கவனம். ஸ்டாப்வாட்சை அழுத்தும் கணத்தில் "பூஜ்யம்" என்று தொடங்குங்கள். "ஒன்று" என்று தொடங்கினால், 20 என்று சொல்லும்போது முடிந்திருப்பது 19 அலைவுகள்தான்.