லுவா மொழியில் நமக்கென ஒரு நூலகம்: முதல் கோப்பிலிருந்து உள்ளிணைப்பு வரை

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்த லுவா, பிற மென்பொருள்களுக்குள் பொதிந்து இயங்குவதற்கு ஏற்றவாறு சிறியதாகவே வைக்கப்பட்டுள்ள நிரல்மொழி. அதனுடனேயே வரும் ஆயத்தச் செயற்கூறுகளின் (ஃபங்ஷன்) தொகுப்பான இயல்பு நூலகமும் சிறியது. ஒரு சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை (ஸ்ட்ரிங்), காற்புள்ளி உள்ள இடங்களில் பிரிப்பதற்குக்கூட ஆயத்தச் செயற்கூறு அதில் இல்லை. அந்த இடைவெளியை நாமே நிரப்பி, நமது நூலகத்தை மொழியோடு பிறந்ததுபோல் இணைக்கும் வழியை இங்கே காண்போம். இதற்கு 5.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. மாறிகளின் பெயர்களில் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே லுவா ஏற்பதால், கீழே தமிழில் தரும் பெயர்களை நிரலில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிடுங்கள்.

முதலில், 'கருவி' என்ற பெயரில் லுவா பின்னொட்டுடன் ஒரு கோப்பைத் திறங்கள். அதன் முதல் வரியில் லோக்கல் என்ற சொல்லுடன் ஒரு வெற்று அட்டவணையை (டேபிள், பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு) உருவாக்கி, கடைசி வரியில் ரிட்டர்ன் மூலம் அதே அட்டவணையைத் திருப்பித் தாருங்கள். நூலகத்தின் கூடு இவ்வளவுதான். லோக்கல் என்ற சொல் விடுபட்டால் அந்த மாறி நிரல் முழுவதற்கும் பொதுவாகி, அதே பெயரை வேறிடத்தில் பயன்படுத்துவோரின் மதிப்பை அழித்துவிடும்.

அடுத்து, ஒரு சரத்தையும் அதைப் பிரிக்கும் குறியான பிரிப்பானையும் (காற்புள்ளி போன்றது) பெறும் 'பிரி' என்னும் செயற்கூறை அந்த அட்டவணைக்குள் எழுதுவோம். தொடக்க இடத்தை 1 என வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் லுவாவில் எண்ணிக்கை 1-இல் தொடங்குகிறது. ஒரு சுழற்சிக்குள் ஸ்ட்ரிங்.ஃபைண்ட் செயற்கூறைக் கொண்டு பிரிப்பானைத் தேடுங்கள். அது கிடைத்தால், தொடக்க இடத்திலிருந்து பிரிப்பானுக்கு முந்தைய எழுத்து வரையுள்ள பகுதியை விடைப்பட்டியலில் சேர்த்து, தொடக்கத்தைப் பிரிப்பானுக்கு அடுத்த இடத்துக்கு நகர்த்துங்கள். கிடைக்காவிட்டால் எஞ்சிய பகுதியைச் சேர்த்துச் சுழற்சியை முடியுங்கள். இங்கே இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஃபைண்டுக்கு நான்காவது மதிப்பாக ட்ரூ தராவிட்டால், அது பிரிப்பானை அப்படியே தேடாமல், சிறப்புப் பொருளுள்ள வடிவக்குறியாகப் (பேட்டர்ன்) படிக்கும். புள்ளிக்கு அங்கே 'எந்த எழுத்தும்' என்று பொருள் என்பதால், புள்ளியால் பிரிக்கச் சொன்னால் உரை முழுவதும் சிதைந்துபோகும். பிரிப்பான் வெற்றுச் சரமாக இருந்தாலோ, தொடக்க இடம் நகராமல் சுழற்சி முடிவின்றி ஓடும். ஆகவே அதை முதலிலேயே சோதித்து, எர்ரர் செயற்கூறின் இரண்டாவது மதிப்பாக 2 என்று கொடுத்துப் பிழையை எழுப்புங்கள். அப்போது பிழைச்செய்தி நமது கோப்பைச் சுட்டாமல், தவறாக அழைத்தவரின் வரியைச் சுட்டும்.

தமிழ் உரையைக் கையாள்வோர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை # குறியால் கேட்டால் 15 என்றே விடை வரும், ஏனெனில் அக்குறி எழுத்துகளை அல்ல, அவை சேமிக்கப்படும் பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்8.லென் 5 என்று சொல்லும், அது யூனிகோடு குறியீடுகளின் எண்ணிக்கை. நம் கண்ணுக்குத் தெரியும் மூன்று எழுத்துகளைப் பெற வேண்டுமானால், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ணும் செயற்கூறையும் நாமே எழுத வேண்டும்.

இச்செயற்கூறுகளை நேரடியாக, லுவாவின் சரச் செயற்கூறுகள் இருக்கும் ஸ்ட்ரிங் அட்டவணையிலேயே சேர்த்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். அப்படிச் சேர்த்தால் எல்லாச் சரங்களிலும் அவற்றை முக்காற்புள்ளியிட்டு அழைக்க முடியும் என்பது உண்மைதான். ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் வேறொரு நூலகம் அதே பெயரில் வேறு செயற்கூறைச் சேர்த்தால், பின்னால் வந்தது முன்னதைச் சத்தமின்றி மாற்றிவிடும்.

இனி, நூலகத்தைப் பயன்படுத்தும் முதன்மை நிரலில் ரெக்வயர் செயற்கூறு மூலம் அதை அழையுங்கள். முதன்முறை ஏற்றப்பட்டதும் அது பேக்கேஜ்.லோடட் அட்டவணையில் பதிவாகிவிடுவதால், கோப்பைத் திருத்திய பின் மீண்டும் ரெக்வயர் செய்தாலும் பழைய வடிவமே கிடைக்கும். புதியது வேண்டுமெனில் அந்தப் பதிவுக்கு, மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் 'நில்' (nil) என்பதைக் கொடுத்த பின் மீண்டும் ரெக்வயர் செய்யுங்கள்.

இறுதியாக உள்ளிணைப்பு, அதாவது தனிக் கோப்பு தேவைப்படாதபடி நூலகத்தை முதன்மை நிரலுக்குள்ளேயே பொதிதல். கோப்பின் உரையை முதன்மை நிரலுக்குள் ஒரு சரமாக வைத்து, லோட் செயற்கூறால் அதை இயக்கத்தக்க செயற்கூறாக மாற்றி, பேக்கேஜ்.பிரீலோட் அட்டவணையில் 'கருவி' என்னும் சாவியின் கீழ் வையுங்கள். ரெக்வயர் வட்டில் கோப்பைத் தேடுவதற்கு முன் இந்த அட்டவணையைத்தான் பார்க்கும். சரிபார்க்க, கருவிக் கோப்பை வேறு அடைவுக்கு நகர்த்திவிட்டு நிரலை இயக்குங்கள். அப்போதும் பிழையின்றி ஓடினால் நூலகம் உள்ளிணைந்துவிட்டது.