லைஃப் ஜாக்கெட்டைக் கெடுக்கும் தவறுகள்

படகு வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடம் லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பழைய ஆட்கள் செய்த அதே தவறுகள். கிழிந்ததைப் போடாதே, பிள்ளைக்குப் பெரியவர் ஜாக்கெட்டை மாட்டாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவை இங்கே வேண்டாம்.

மேலே உட்காருவது

ஃபைபர் படகின் பலகையில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். பக்கத்திலேயே மெத்தென்று ஒன்று கிடக்கிறது. எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கரை வந்ததும் அதைப் படகின் முன்பக்க அணியத்தில் திணித்து, மேலே வலை, வலைக்கு மேல் ஐஸ் பெட்டி. எத்தனை சொன்னாலும் இது மட்டும் மாறுவதில்லை, பார்க்கும்போதே எரிச்சல் வருகிறது.

உள்ளே பெரும்பாலும் பாலிஎத்திலீன் ஃபோம். அதில் கண்ணுக்குத் தெரியாத மூடிய அறைகள். அவற்றுக்குள் அடைபட்ட வாயுதான் ஆளைத் தூக்குகிறது. ஒரு லிட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். தினமும் ஓர் ஆளின் எடை ஏறினால் அறைகள் உடைந்து நசுங்கும், பிறகு உப்பாது. 4 செ.மீ. தடிமன் 3 ஆனால் தூக்கும் சக்தியில் கால்வாசி போய்விட்டது. வெளித்துணியோ புதிதுபோலவே பளபளக்கும்.

சோதிப்பது எளிது. லேபிளில் 100 நியூட்டன் என்றிருந்தால் சுமார் 10 கிலோ தூக்க வேண்டும். 10 கிலோ இரும்பு எடைக்கல்லைப் பட்டையில் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் விடுங்கள். இரும்பின் எடை தண்ணீருக்குள் எட்டில் ஒரு பங்கு குறையும் என்பதால் ஜாக்கெட்டுக்கு அது 8.7 கிலோ சுமைதான். நல்ல ஜாக்கெட் அதையும் தாங்கி மேலே கொஞ்சம் தெரியும். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். கப்பல் ஜாக்கெட்டுகளுக்கான சர்வதேச விதிப்படி, நன்னீரில் 24 மணி நேரம் மூழ்கிக் கிடந்தபின் தூக்கும் சக்தியில் இழப்பு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மறுநாள் அடியில் கிடந்தால் கத்தியால் வெட்டிப் போடுங்கள். முழுசாக எறிந்தால் வேறொருவர் எடுத்து மாட்டிக்கொள்வார்.

டீசல் கறைக்குப் பெட்ரோல்

கூடவே கூடாது. ஃபோம் கெட்டுப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

உப்போடு மடித்து வைப்பது

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். வெயிலில் தொடர்ந்து காய்ந்தால் முதலில் போவது தையல் நூல்தான். பட்டை சேரும் இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். நூல் பொடிந்தால் ஜாக்கெட் முடிந்தது.

உடைந்த பக்கிளுக்குக் கயிறு

வேண்டாம். அதே அளவு பக்கிள் போடுங்கள்.

காற்று நிரம்பும் வகை

ஜாக்கெட்டை விரிக்கும் சிறிய வாயுச் சிலிண்டரைக் கழற்றி, சமையலறைத் தராசில் வையுங்கள். அதன்மேல் பொறித்த மொத்த எடையைவிட 2 கிராமுக்கு மேல் குறைந்தால் வேறு வாங்குங்கள். மூடி துளைபட்டிருந்தால் அது ஏற்கெனவே காலி. தண்ணீர் பட்டதும் தானாக விரியும் வகையில், தண்ணீரில் கரைந்து சிலிண்டரைத் திறக்கவைக்கும் சிறு வில்லையின் தேதியையும் பாருங்கள். ஈரத்தில் வைத்தால் ஜாக்கெட் அலமாரியிலேயே விரிந்துவிடும்.

உள்ளிருக்கும் காற்றுப் பையை ஊதிச் சோதிப்பது: சிலிண்டர் இல்லாமல், வாய்க்குழாய் வழியே நன்கு ஊதி ஒரு நாள் வையுங்கள். தளர்ந்தால் கசிவு. காற்றை இறக்க, குழாயின் மூடியைத் திருப்பி வால்வை அழுத்துங்கள்; பேனா முனையை நுழைத்தால் வால்வு போய்விடும். சிலிண்டரைக் கையால் இறுகும்வரை திருகி மாட்டியபிறகே மடியுங்கள்.