காது முந்தும், கை பிந்தும்: ஐம்பதுக்கு மேல் வயலின் பழகுபவர்களுக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 54 வயதில் வயலின் பழக ஆரம்பித்தேன். விரல் வலியைவிட மனசுதான் பெரிய தடை. நாற்பது வருஷம் நல்ல சங்கீதம் கேட்ட காது நமக்கு. கையோ இப்போதுதான் அரிச்சுவடி எழுதுகிறது. வயலினில் வீணை மாதிரி மெட்டுகள் (விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குப் பட்டைகள்) கிடையாது. விரல் நூலளவு நகர்ந்தாலும் சுருதி விலகி, காதில் உறுத்தும். 'நமக்கு வராது' என்று தோன்றுவது அந்த நேரத்தில்தான்.

சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம் முழுவதையும் ஒரே மூச்சில் பிடிக்க வேண்டாம். மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ ரி க ம, இந்த நாலு ஸ்வரம் மட்டும், சுருதிக்குத் தம்புரா ஆப் போட்டுக்கொண்டு, முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், 15 நிமிடம் போதும். முதலில் வாயால் பாடுங்கள், அப்புறம் வில்லை இழுங்கள். காதுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் குறை சொல்வதை விட்டு வழிகாட்ட ஆரம்பிக்கும். வராத இடத்திலேயே நின்று மல்லுக்கட்டாதீர்கள். தூங்கி எழுந்து மறுநாள் தொட்டால், பல நேரம் அதே இடம் இளகியிருக்கும்.

வாரம் ஒருமுறை போனில் பதிவு செய்து வையுங்கள். ஆனால் ஒரு மாதம் கழித்துத்தான் கேட்க வேண்டும். தை மாதம் தொடங்கிய எனக்கு, அந்த நாலில் வரும் 'க', அதாவது அந்தர காந்தாரம், மாம்பழ சீசன் முடியும்போதுதான் இடத்தில் நின்றது.