பழைய வில்லுப்பாட்டு கேசட்: கண் பார்வை இல்லாமலே இரைச்சல் நீக்க

கோயில் கொடை விழாக்களில் பதிவான கேசட்டுகள் குளச்சல், முட்டம் பக்கத்து வீடுகளில் இருந்தால் முதலில் பூஞ்சை பாருங்கள். கடற்காற்று சும்மா விடாது. பிளேயரில் டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். பாட்டு ஓடும்போதே ஹெட் பக்கத்துச் சின்ன ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, ஜால்ரா மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். இங்கே இழந்த தெளிவை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

ஒலியைப் பதிந்து திருத்தும் ஆடாசிட்டியும், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏவும் போதும், இரண்டும் இலவசம். ஆர் அழுத்தினால் பதிவு. உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பாட்டு தொடங்குமுன் டேப் மட்டும் இரையும் இரண்டு விநாடியை ஓடவிட்டு, தொடக்கத்தில் [ , முடிவில் ] அழுத்துங்கள். எஃபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்‌ஷன், அதில் கெட் நாய்ஸ் புரொஃபைல்: எது இரைச்சல் என்று மென்பொருள் தெரிந்துகொள்ளும். பிறகு கண்ட்ரோல் ஏ கொடுத்து, மறுபடி அதே எஃபெக்ட்.

இரைச்சல் குறைப்பு அளவு 6 முதல் 9 டெசிபல் போதும். 20க்குப் போனால் ஜால்ரா தண்ணீருக்குள் அடிப்பதுபோல் ஆகிவிடும். சந்தேகமா? டேப் விசையால் ரெசிடியூ தேர்வுக்குப் போய் பிரிவ்யூ கேளுங்கள்: நீக்கப்படும் ஒலி மட்டும் வரும். அதில் புலவர் குரலோ உடுக்கோ கேட்டால் அளவு அதிகம், குறையுங்கள். திரையில் அலைவடிவம் பார்ப்பவர்களுக்குக்கூட இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

திருத்தாத மூலப் பதிவை வேவ் கோப்பாகத் தனியே வைத்திருங்கள்.