அக்குள் அறுவையில் மார்புத் தசை நரம்புகளைக் காப்பது எப்படி

சிங்கப்பூரில் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். அதனால் இங்கே அறுவை சிகிச்சை கற்கும் எவரும் நிணநீர்க் கணுக்களை எடுக்க அக்குளைத் திறக்கும் நாள் சீக்கிரமே வந்துவிடும். விலாப்பக்கச் செரேட்டஸ் தசைக்குப் போகும் லாங் தொராசிக் நரம்பையும், முதுகின் லாட்டிசிமஸ் தசைக்குப் போகும் தொராக்கோடார்சல் நரம்பையும் எல்லாரும் தேடிப் பார்த்துக் காப்பாற்றுகிறார்கள். பெரிய மார்புத் தசையான பெக்டோராலிஸ் மேஜருக்கும் அதன் அடியிலுள்ள சிறிய தசையான பெக்டோராலிஸ் மைனருக்கும் போகும் பெக்டோரல் நரம்புகள்தான் கவனிக்கப்படாமல் அறுபடுகின்றன.

முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். மீடியல் (உள்), லேட்டரல் (வெளி) என்ற பெயர்கள், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலான பிரேக்கியல் பிளெக்சஸில் நரம்பு கிளம்பும் கார்டைக் (தடித்த நரம்புக் கற்றையை) குறிக்கின்றன; மார்பில் அது கிடக்கும் இடத்தை அல்ல. லேட்டரல் பெக்டோரல் (தண்டுவட நரம்பு வேர்கள் சி5–சி7) பெக்டோராலிஸ் மைனரின் மேல் உள்விளிம்பருகே, தொராக்கோஅக்ரோமியல் தமனியின் கிளையோடு சேர்ந்து மேஜர் தசையின் அடிப்பரப்பில் இறங்குகிறது; காறை எலும்புப் பகுதிக்கும் மேல்பகுதிக்கும் அதுவே உயிர். மீடியல் பெக்டோரல் (சி8–டி1) மைனருக்குக் கிளை கொடுத்துவிட்டு, பெரும்பாலோருக்கு அதைத் துளைத்தும், மற்றவர்களுக்கு அதன் வெளிவிளிம்பைச் சுற்றியும் வந்து மேஜரின் கீழ்ப்பகுதியை அடைகிறது. நீங்கள் கத்தி வைக்கும் இடமும் அந்த வெளிவிளிம்புதான்.

கையை 90 பாகைக்கு மேல் விரிக்காதீர்கள். பிரேக்கியல் பிளெக்சஸ் இழுபடும். நரம்பைத் தொட்டால் தசை துடிக்கிறதா என்று பார்க்க, தசைத் தளர்வு மருந்தின் வீரியம் நரம்பைத் தேடும் நேரத்தில் குறைந்திருக்க வேண்டும் என்று மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மார்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியான பெக்ஸ் பிளாக் போட்டிருந்தால் (வழக்கமாக இரு பெக்டோராலிஸ் தசைகளுக்கு நடுவே 10 மி.லி., மைனருக்கும் செரேட்டஸுக்கும் நடுவே 20 மி.லி.; மொத்த அளவு உடல் எடையைப் பொறுத்தது) நரம்பைத் தொட்டாலும் தசை துடிக்காமல் போகலாம். அப்போது துடிப்பை நம்பாமல் கண்ணால் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

மேஜரின் வெளிவிளிம்பை விடுவித்து உள்பக்கம் தூக்குங்கள். மைனரின் வெளிவிளிம்பில் மெல்லிய கொழுப்புக்குள் சிறு ரத்தக்குழாயும் நரம்பும் ஒன்றாக மேஜரை நோக்கிப் போவது தெரியும். அதைச் சுற்றியுள்ள கொழுப்பை நுனி மெல்லிய கத்தரியால் விலக்கி, நரம்பை முழுதாகக் கண்ட பிறகே சவ்வைத் திறக்க வேண்டும். ரத்தம் கசிகிறதே என்று மொத்தமாகக் கிளாம்ப் போடுவதும், பக்கத்திலேயே மோனோபோலார் (ரத்தக்கசிவை மின்சாரத்தால் சுட்டு நிறுத்தும் கருவி) வைப்பதும்தான் நரம்பு போவதற்கு முக்கியக் காரணங்கள். தன் இரு முனைகளுக்கு நடுவே மட்டும் சுடும் பைபோலாரைக் குறைந்த அளவில் வையுங்கள். மைனருக்குப் பின்னால் உள்ள இரண்டாம் நிலைக் கணுக்களுக்கு மைனரை வெட்ட வேண்டியதில்லை; முழங்கையை மடக்கிக் கையை முன்னே தூக்கினால் தசை தளர்ந்து இடம் கிடைக்கும். இரு தசைகளுக்கு நடுவே உள்ள ராட்டர் கணுக்களை எடுக்கும்போது ஆபத்து லேட்டரல் பெக்டோரலுக்கு.

மீடியல் போனால் மேஜரின் கீழ்ப்பகுதி சில மாதங்களில் சூம்பி, அக்குளின் முன்மடிப்பு மெலியும். லாட்டிசிமஸ் ஈடுகட்டுவதால் பலருக்குப் பலம் பெரிதாகக் குறையாது; உருவ மாற்றமே முதலில் கண்ணில் படும். தசைக்கு அடியில் இம்பிளான்ட் வைக்கத் திட்டமிருந்தால் அதை மூடும் தசையும் மெலிந்துவிடும்.

வார்டில் சோதிப்பது எளிது. “அம்மா, இடுப்பில கை வச்சு உள்ளுக்கு நல்லா அழுத்துங்க” என்று சொல்லி, இரு பக்கத்தின் கீழ்நார்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். மேல்பகுதிக்கு, கையை முன்னே 90 பாகை தூக்கச் சொல்லி, மறுதோள் பக்கம் கொண்டுபோகும்போது எதிர்த்துப் பிடியுங்கள். அறுவைக்கு முன்பே ஒருமுறை செய்து பதிந்துவைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். மேற்கையின் உட்புற மரமரப்பு இதனால் வருவதல்ல, இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்பு அறுந்ததால் வருவது என்பதையும் நோயாளிக்குச் சொல்லிவிடுங்கள்.