மலை ஏரிக்கரையில் சின்னக் கல்யாணம்: நேரத்திலிருந்து தொடங்குங்கள்

மலை ஏரிக்கரையில் கல்யாணம் வைக்க நினைப்பவர்கள் முதலில் இடத்தைப் பிடிக்கிறார்கள், அப்புறம் ஆட்களை அழைக்கிறார்கள், கடைசியில்தான் எத்தனை மணிக்கு வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். என் தங்கையின் கல்யாணத்தை முப்பது பேரோடு அப்படி ஒரு கரையில் நடத்தி முடித்தபிறகு, இந்த வரிசையையே திருப்பிப் போட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். மலையில் வெயிலும் காற்றும் இடிமழையும் பெரும்பாலும் நேரம் வைத்துக்கொண்டு வருகின்றன. அந்த நேரங்கள் தெரிந்துவிட்டால் எந்தக் கரை, நாற்காலி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், மேளதாளத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்பதெல்லாம் பாதி முடிவான மாதிரிதான்.

அழைப்பிதழ், உடை, விருந்துப் பட்டியல் பற்றி இங்கே எழுதவில்லை. அவை எங்கே நடத்தினாலும் ஒன்றுதான்.

படி 1: ஏரி யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

ஆள் நடமாட்டமே இல்லாத ஏரிக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. வனத்துறை, பூங்கா நிர்வாகம், குடிநீர் வாரியம், மின் நிறுவனம், தனியார் என்று யாராகவும் இருக்கலாம். தண்ணீர் ஒருவரிடமும் கரை இன்னொருவரிடமும் இருப்பது சாதாரணம். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ஒலிபெருக்கி, தீ ஏற்றுவது, டிரோன், பந்தல், வண்டிகளின் எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். "கல்யாணம் நடத்தலாம்" என்ற ஒற்றை வரி இந்த ஐந்துக்கும் சேர்த்துச் சொன்னதாகாது. வறண்ட மாதங்களில் காட்டுத்தீ பயத்தால் மெழுகுவர்த்திகூடத் தடையாகலாம்.

சட்டப்படியான பதிவை வேறொரு நாளில் அலுவலகத்திலேயே முடித்துவிடுவது என் விருப்பம். கரையில் கையெழுத்து, சாட்சி என்று காகிதங்களைக் காற்றில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

படி 2: வெயில் எப்போது முகட்டுக்குப் பின்னால் போகிறது?

நாங்கள் அதிகம் மாட்டிக்கொண்டு நின்றது இந்தப் படியில்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

போனில் காட்டும் சூரிய அஸ்தமன நேரம் சமதரைக்கானது. தொடுவானம் தட்டையாக இருப்பதாக வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. சுற்றிலும் மலை இருக்கும் ஏரியில் வெயில் அதற்கு வெகுநேரம் முன்பே போய்விடும். எவ்வளவு முன்பே என்பதைக் கையாலேயே அளக்கலாம். கையை நேராக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால் அந்த முட்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. ஆக, மேற்கு முகடு தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டு முட்டி உயரத்தில் இருந்தால், வெயில் குறைந்தது 1 மணி 20 நிமிடம் முன்பே மறையும். பூமத்திய ரேகையை விட்டுத் தள்ளிப் போகப்போகச் சூரியன் சாய்வாக இறங்குவதால் இந்த இடைவெளி இன்னும் கூடும். காலையிலும் இதே கதைதான், கிழக்கு முகட்டைத் தாண்டி வரும்வரை கரை குளிர்ந்தே கிடக்கும்.

அப்புறம் ஆப். சன்கால்க் திசையை வரைபடத்தில் அழகாகக் காட்டும், ஆனால் முகட்டின் உயரத்தை அது பார்ப்பதில்லை. மலைக்கு நான் நம்புவது பீக்ஃபைண்டர். மலைகளின் கோட்டோவியத்தின்மேல் அந்தத் தேதிக்கான சூரியப் பாதையை வரைந்து, எந்த முகட்டுக்குப் பின்னால் எத்தனை மணிக்கு மறையும் என்று காட்டிவிடும். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

இதில்தான் குழப்பம் வந்தது. மாப்பிள்ளை ஆப்பில் பார்த்து ஒரு நேரம் சொன்னார், நான் கரையில் நின்று பார்த்தபோது வெயில் அதற்கு முன்பே போய்விட்டது. காரணம் தேடிப் பிடித்ததில் இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, ஆப்பில் இடத்தைக் குறிக்கும் புள்ளி ஏரியின் நடுவில் குத்தப்பட்டிருந்தது. முகடு பக்கத்தில் இருக்கும்போது சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே அதன் உயரக் கோணம் மாறிவிடும், அதனால் நாற்காலி போடப்போகிற இடத்திலேயே புள்ளியை வையுங்கள். இரண்டு, ஆப் மலையின் மேட்டைத்தான் பார்க்கிறது, மேட்டின்மேல் நிற்கும் மரங்களை அல்ல. மேற்குக் கரையில் உயரமான மரங்கள் இருந்தால் முட்டியை மர உச்சிவரை வைத்து அளக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இடம் பார்க்கப் போகும் தேதியும் கல்யாணத் தேதியும் வேறு. மார்ச், செப்டம்பர் வாக்கில் சூரியன் மறையும் இடம் ஒரே மாதத்தில் ஏறக்குறைய 12 டிகிரியாவது நகரும், அதாவது ஒரு முட்டிக்கும் மேல். பார்க்கப் போன அன்று மலை இடுக்கு வழியாக வந்த மாலை வெயில், கல்யாணத்தன்று அந்த இடுக்கில் வராமலே போகலாம்.

படி 3: காலையா, மாலையா?

காலை. என்னிடம் கேட்டால் வேறு பதிலே இல்லை.

வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, காற்று சரிவில் மேலே ஏறத் தொடங்கும். தண்ணீர்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று கரையை நோக்கி வரும். இரண்டும் சேர்ந்து பிற்பகலில் உச்சத்துக்குப் போய், சூரியன் மறையும்போது அடங்கும். மேலே ஏறுகிற ஈரக்காற்றே மதியத்துக்குமேல் மேகமாகத் திரண்டு இடிமழையாகவும் மாறுகிறது. காலையில் இதெல்லாம் தொடங்கியிருக்காது. எதிர்மலையின் பிம்பம் தண்ணீரில் முழுதாக விழுவதும் அப்போதுதான்.

உள்ளூரில் படகு ஓட்டுபவரிடமோ மீன் பிடிப்பவரிடமோ "மழை வருமா?" என்று கேட்காதீர்கள், "தினமும் அலை எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் துல்லியமான பதில் இருக்கும். அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே சடங்கை முடித்துவிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கரையில் இருக்கும் மரங்களில் கிளைகள் ஒரு பக்கமாகவே வளர்ந்திருந்தால், பலமான காற்று வழக்கமாக அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது என்று அர்த்தம்.

வானிலை அறிக்கையில் அடிவாரத்து ஊரின் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஊர் 600 மீட்டரில் 28 டிகிரி என்றால், 1800 மீட்டரில் இருக்கும் ஏரியில் 20தான். காற்று விஷயத்தில், உலக அளவிலான வானிலைக் கணினி மாதிரிகள் நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்குப் போடுகின்றன; ஒரு கட்டமே பல கிலோமீட்டர் அகலம், குறுகலான பள்ளத்தாக்கு அதற்குள் காணாமல் போய்விடும்.

படி 4: நாற்காலியின் திசை

வந்தவர்கள் ஏரியைப் பார்த்து உட்கார வேண்டும், ஆனால் சூரியனைப் பார்த்து அல்ல. எதிர்வெயில் தண்ணீரில் பட்டும் திரும்பி வந்து கண்ணைக் கூசும். காலைக் கல்யாணத்துக்குக் கிழக்குக் கரை நல்லது. வெயில் முதுகுப்பக்கம் இருக்கும், எதிரே மேற்கு மலை முழு வெளிச்சத்தில் நிற்கும். கிழக்கு முகடு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் மட்டும் வெயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று படி 2-ஐத் திரும்பப் பாருங்கள். மணமக்கள் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றால் இருவர் கண்ணிலும் நேர்வெயில் படாது.

கரை மண் ஈரமாக இருந்தால் நாற்காலிக் கால்கள் இறங்கும். அடியில் பலகை போடுங்கள். கூரான குதிகால் செருப்பு வேண்டாம் என்று அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 5: ஒலி

முப்பது பேருக்கு ஜெனரேட்டர் தேவையில்லை, பேட்டரி ஸ்பீக்கர் ஒன்று போதும். ஜெனரேட்டர் அமைதியைக் கெடுப்பதோடு, உயரம் கூடக்கூட 300 மீட்டருக்குச் சுமார் 3 சதவீதம் சக்தியையும் இழக்கும். மைக்கில் காற்று விழுவதுதான் உண்மையான தொல்லை. சட்டையில் குத்தும் சிறிய மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, ரோம உறை போடுங்கள். பேச்சு வழங்குபவர்களுக்குக் கையில் பிடித்து வாய்க்கு அருகில் வைத்துப் பேசும் சாதாரண மைக்கே மேல். ஸ்பீக்கரைத் தண்ணீரைப் பார்த்து வைக்காதீர்கள். குளிர்ந்த நீர்ப்பரப்பின்மேல் சத்தம் வெகுதூரம் போகும், எதிர்க்கரையில் இருப்பவர்களும் பறவைகளும் அதைக் கேட்க வேண்டாம்.

படி 6: பந்தலும் இடியும்

சரளை நிலத்தில் ஆணி பிடிக்காது. பந்தலின் ஒவ்வொரு காலிலும் 20 லிட்டர் தண்ணீர் கேனாவது கட்டுங்கள். பக்கத் துணிகளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்று அதைப் பாய்மரம் மாதிரி இழுத்துக்கொண்டு போகும்.

பந்தல் தூறலுக்குத்தான், இடிக்கு அது பாதுகாப்பே இல்லை. மரத்தடியும் திறந்த கொட்டகையும் அப்படித்தான். சுவரும் கதவும் உள்ள கட்டடம் அல்லது இரும்புக் கூரை உள்ள வண்டி மட்டுமே பாதுகாப்பு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள், 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 வினாடிக்குள் சத்தம் வந்தால் உடனே எல்லோரும் உள்ளே போக வேண்டும், கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் வெளியே வரக்கூடாது. ஆகவே ஆட்களை இறக்கிவிட்ட வண்டிகளைத் திருப்பி அனுப்பாதீர்கள். எல்லோருக்கும் உட்கார இடம் இருக்கிற அளவுக்கு வண்டிகள் பக்கத்திலேயே நிற்கட்டும்.

"சரி, உள்ளே போகலாம்" என்று சொல்லும் பொறுப்பை மணமக்களிடம் விடாமல் வேறொருவரிடம் கொடுங்கள். அவர் சொன்னால் யாரும் வாதாடக்கூடாது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: வருகிறவர்கள்

ஏரி 2500 மீட்டருக்கு மேல் இருந்தால் தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு வரலாம். பெரியவர்களை முந்தின நாளே சற்றுத் தாழ்வான ஊரில் தங்க வையுங்கள், இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிர்காற்றில் தோல் வெயிலில் கருகுவது தெரியாது, அதனால் தொப்பி, வெயில் தடுப்புக் களிம்பு இரண்டும் வைத்திருங்கள். கழிப்பறையைத் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

குழந்தைகள் வந்தால் தண்ணீரோரம் ஒரு பெரியவர், வேறு எந்த வேலையும் இல்லாமல், நிற்க வேண்டும். மலை ஏரிகள் கரையிலிருந்து சட்டென்று ஆழமாகும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் விழுந்தால் மூச்சு திணறி, நீச்சல் தெரிந்தவரும் தத்தளிப்பார்.

வழியில் சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்பே இறக்கிவைக்கச் சொல்லுங்கள், கடைசித் திருப்பத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள்.

படி 8: கிளம்பும்போது

பளபளப்புத் தூள், பலூன், காகிதத் துண்டு எதுவும் வேண்டாம். கடையில் வாங்கிய பூவிதழ்களையும் தண்ணீரில் போட வேண்டாம், பூச்சிமருந்து ஒட்டியிருக்கும். மட்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் ஏரியில் பாத்திரம் கழுவக்கூடாது, அதுவும் 60 மீட்டர் தள்ளித்தான்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர், மாலையில்தான் வைக்க முடியும், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். முகடு வெயிலை மறைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே சடங்கைத் தொடங்குங்கள். மறைந்த பிறகு குளிர் வேகமாக இறங்கும், ஆளுக்கொரு போர்வை வேண்டும். விளக்குகளை வெள்ளையில் வாங்காமல் மஞ்சளில் வாங்குங்கள், பூச்சி குறைவாக வரும்.

இன்னொரு சேர்க்கை: இன்னொருவர் சொன்னது நான் யோசிக்காத விஷயம். அவர் பிடித்த இடம் இயற்கை ஏரி இல்லை, அணை நீர்த்தேக்கம். பார்க்கப் போனபோது தண்ணீர் கரைவரை இருந்திருக்கிறது, கல்யாண மாதத்தில் நீர் இறங்கி, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில் அகலமான சேற்றுப் பட்டை. உங்கள் ஏரியிலும் அணை இருந்தால், அதே மாதத்தில் முந்தைய ஆண்டுகளில் நீர்மட்டம் எங்கே இருந்தது என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேதிவாரியாகப் புரட்டிப் பார்த்தாலும் தெரியும். அனுமதிக் கட்டணம் கட்டும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.