போன் இல்லாமல் சோறு: குழந்தையைப் பழக்க இரண்டு வாரம்

தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனில் ரைம்ஸ் ஓடுகிறது. குழந்தையின் கண் அதிலேயே இருக்க, பருப்புச் சாதத்தை நீட்டினால் வாய் தானாகத் திறக்கிறது. பத்து நிமிடத்தில் கிண்ணம் காலி. போனை எடுத்துவிட்டால் அதே வாய் இறுக மூடிக்கொள்கிறது. ஒன்று முதல் ஐந்து வயது வரை குழந்தை உள்ள வீடுகளில், இந்தப் பழக்கத்தை நிறுத்துவதற்கான வழி இது.

2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று வேளையும் அரை மணி நேரம் போன் பார்த்துச் சாப்பிட்டால் அதுவே ஒன்றரை மணி நேரம். அதனால் திரை நேரத்தைக் குறைக்க நினைப்பவர்கள் சாப்பாட்டிலிருந்து தொடங்குவது நல்லது.

பல வீடுகளில் போன் சாப்பாட்டுக்குள் வருவது ஒரு வயதை ஒட்டித்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. 3 கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறத்தாழ 9 கிலோ இருக்கும். அடுத்த ஓராண்டில் ஏறுவது இரண்டரை, மூன்று கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. இது இயல்பு. ஆனால் நேற்று வரை ஒரு கிண்ணம் சாப்பிட்ட பிள்ளை இன்று நாலு வாயோடு முகத்தைத் திருப்பினால் வீடே பதறிவிடுகிறது. அந்தப் பதற்றத்துக்குக் கிடைத்த வழிதான் போன். வயிறு போதும் என்று சொல்வதைக் குழந்தை கவனிக்காமல் இருக்க அது உதவுகிறது.

எனவே போனை எடுப்பதற்கு முன் கைவிட வேண்டியது எத்தனை வாய் சாப்பிட்டது என்ற கணக்கு. என்ன உணவு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். "இன்னும் ரெண்டே வாய்" என்பதை விடாமல் போனை மட்டும் நிறுத்தினால், அந்த இடத்துக்கு டிவி வரும், இல்லையென்றால் மிரட்டல் வரும்.

தொடங்குவதற்கு முன், மூன்று நாட்கள் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்: குழந்தை என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, பால் எத்தனை மி.லி. பிஸ்கட், முறுக்கு, ஜூஸ், பாட்டி கொடுத்த ஒரு வாழைப்பழம் எல்லாமே கணக்கில் வர வேண்டும். சாப்பிடவே மாட்டேன் என்கிறது என்று சொல்லப்படும் பல குழந்தைகளின் தாளில் 700, 800 மி.லி. பால் இருக்கும். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு 400 முதல் 500 மி.லி. பால் போதும். அதற்கு மேல் போனால் வயிறு நிறைந்துவிடும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் ரத்தசோகையும் வரலாம். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் மங்கும். முதலில் இரவு பாட்டிலைக் குறையுங்கள், பிறகு பாலை டம்ளருக்கு மாற்றுங்கள். எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடியில் இலவசமாகப் பார்ப்பார்கள்.

பிறகு நேரத்தை வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு: காலை 7 மணிக்கு 150 மி.லி. பால், எட்டரைக்கு இட்லியோ தோசையோ, 11 மணிக்குப் பழம், 1 மணிக்குச் சோறு, தூங்கி எழுந்து 4 மணிக்குப் பாலும் சிற்றுண்டியும், 7 மணிக்கு இரவுச் சாப்பாடு. இடையில் தண்ணீர் மட்டும். ஒன்றரை, இரண்டு மணி நேரமாவது வயிறு சும்மா இருந்தால்தான் பசி என்ற ஒன்று குழந்தைக்குத் தெரியும்.

காய்ச்சல், ஊருக்குப் போய் வந்த அலுப்பு, தம்பி தங்கை பிறந்த வாரம் இவற்றில் தொடங்க வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு நல்ல நேரம். அடுத்த இரண்டு நாட்கள் வீட்டில் கூடுதல் கை இருக்கும். இரண்டரை வயதுக்குக் கீழே என்றால் எல்லா வேளையும் ஒரே நாளில் நிறுத்துங்கள். காலையில் கிடையாது, ராத்திரி உண்டு என்ற கணக்கு அந்த வயதுக்குப் புரியாது. மூன்று வயதைத் தாண்டிய பிள்ளையிடம் முந்தின நாளே சொல்லிவிட்டு, நன்றாகப் பசிக்கிற ஒரு வேளையில் தொடங்கலாம். மாலை ஓடி விளையாடி வந்த பிறகு உள்ள சாப்பாடு பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வேளைக்குப் பதினைந்து நிமிடம் முன்பே டிவியை அணைத்துவிட்டு, அப்பா, தாத்தா உட்பட எல்லோர் போனையும் ஒரு பைக்குள் போட்டு பீரோ மேல் வையுங்கள். கண்ணில் பட்டால் கேட்கும். வேறு அறையில் அழைப்பொலி கேட்டாலும் நினைவு வரும். ஒலியையும் நிறுத்துங்கள். தரையில் பழைய சேலையை விரித்து, எல்லோரும் தட்டோடு உட்காருங்கள். குழந்தை மணையில் உட்காரலாம். நாற்காலி என்றால் கால் தொங்காமல் கீழே ஒரு பலகை வையுங்கள்.

தட்டில் இரண்டு மேசைக்கரண்டிச் சோறு, அருகில் கையால் எடுக்கக்கூடிய ஏதாவது ஒன்று: இட்லித் துண்டு, வேகவைத்த கேரட், முட்டைத் துண்டு. கொஞ்சமாக வைத்தால்தான் கேட்டு வாங்கும் வாய்ப்பு இருக்கும். குழந்தை பிசையும், சிந்தும், தலையில் பூசிக்கொள்ளும். விடுங்கள், அதுவும் சாப்பாட்டுப் பழக்கம்தான். இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி. முகத்தைத் திருப்புவது, தட்டைத் தள்ளுவது, வாயில் அடக்கி வைப்பது எல்லாம் போதும் என்பதற்கான அடையாளங்கள். மிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் தட்டை எடுத்துவிட்டுக் கை கழுவி விடுங்கள்.

அழுகை வரும், பலமாகவே வரும். சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "சாப்பிடும்போது போன் இல்ல கண்ணு. அம்மா பக்கத்துல இருக்கேன்." அதையே மாற்றாமல் சொல்லுங்கள். மடியில் ஏற வந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். சார்ஜ் இல்லை, பூச்சாண்டி தூக்கிட்டுப் போயிட்டான் என்று சொல்ல வேண்டாம். சார்ஜ் இல்லை என்றால் இரண்டரை வயதுப் பிள்ளை சார்ஜரை எடுத்து வந்து நீட்டும். அழுது வாந்தி எடுத்தாலும் பதறாமல் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருங்கள்.

இரண்டாம், மூன்றாம் நாள் முதல் நாளைவிட மோசமாக இருக்கலாம். நேற்று அழுதது போதவில்லை போல என்று குழந்தை இன்னும் பலமாக அழுது பார்க்கிறது. பலர் தோற்பது இந்த இடத்தில்தான். அரை மணி நேரம் அழவிட்டு, மனம் தாங்காமல் போனைக் கொடுத்தால், அரை மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாகிவிடும். அடுத்த முறை முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டாவது சறுக்கல் பிஸ்கட். மதியம் சாப்பிடாத பிள்ளைக்கு இரண்டு மணிக்கு நாலு பிஸ்கட் கொடுத்தால் நாலு மணிப் பசியும் போய்விடும்.

முதல் சில நாட்கள் வழக்கத்தில் பாதிதான் உள்ளே போகும். இடையிடையே தண்ணீர் குடித்து, ஆறு எட்டு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்து, ஓடி விளையாடும் குழந்தையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தினமும் எடை பார்க்கவும் வேண்டாம். ஒரே நாளுக்குள்ளேயே சில நூறு கிராம் ஏறி இறங்கும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அழுகை தணிகிறது, இரண்டு வாரத்தில் பழக்கம் பிடிபடுகிறது.

அதிகம் பேசப்படாத ஒன்று, மிக்ஸி. போன் பார்த்துச் சாப்பிடும் குழந்தைகளில் பலர் அரைத்த சோற்றையே விழுங்கிப் பழகியவர்கள், மென்று பழகியதில்லை. போனை நிறுத்திய அன்றே பருக்கைச் சோறும் வைத்தால் இரண்டு சண்டை ஒன்றாக வரும். முதல் வாரம் பழகிய உணவையே கொடுங்கள். பிறகு மிக்ஸியை விட்டுக் கையால் மசிப்பது, அடுத்து குழைந்த சோறு, அதன் பிறகு வீட்டுச் சோறு என்று நாலைந்து நாளுக்கு ஒரு படி ஏறுங்கள். புது உணவை ஒருமுறை துப்பினால் பிடிக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகே சில குழந்தைகள் வாயில் வைக்கும். நாலு வயது வரை முழு வேர்க்கடலை, பச்சைக் கேரட், முழுக் கொண்டைக்கடலை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள்.

நிலாவைக் காட்டி ஊட்டியதும் கவனத்தைத் திருப்பும் வேலைதானே என்று கேட்கலாம். கொஞ்சம் அப்படித்தான். ஆனால் நிலாவைக் காட்டுகிற அம்மாவின் முகத்தைக் குழந்தை பார்க்கிறது, பேச்சு கேட்கிறது, பதில் சொல்கிறது. பாட்டுக்கும் கதைக்கும் ஒரே சோதனை போதும்: தன் வாயில் இருப்பது சோறா இட்லியா என்று குழந்தைக்குத் தெரிகிறதா? தெரிந்தால் கதை சொல்லுங்கள். தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போய் ஊட்டுவதை மட்டும் மெல்ல விட்டுவிடுங்கள்.

பாட்டியிடம் பகலில் விட்டுப் போகிறவர்கள், போனைக் கொடுக்காதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நடக்காது. பிள்ளை பட்டினி கிடந்தால் தன் மீது பழி வருமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். "அவ சாப்பிடலைன்னாலும் பரவாயில்லைங்கம்மா, நாலு மணிக்குப் பாத்துக்கலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மாலையில் வந்ததும் எவ்வளவு சாப்பிட்டாள் என்று முதல் கேள்வி கேட்காதீர்கள்.

வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு கீழே இறங்கினாலோ, கட்டி உணவு எதைத் தொட்டாலும் குமட்டினாலோ, ஒவ்வொரு வேளையும் இருமல், புரையேறல் இருந்தாலோ குழந்தை மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வராதது, இரண்டு வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது ஆகியவை இருந்தால், போனை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

நடுவில் காய்ச்சல் வந்தால் பழைய பழக்கம் தலைகாட்டும். அந்த நாட்களில் கஞ்சியோ ரசம் சாதமோ, கேட்கிறபோது கேட்கிற அளவு கொடுங்கள். போன் மட்டும் வேண்டாம். ஒருவேளை கொடுத்துவிட்டிருந்தால், காய்ச்சல் விட்ட இரண்டாம் நாள் அதே பை, அதே பீரோ, அதே வாக்கியம் என்று மறுபடி தொடங்குங்கள். இந்த முறை பெரும்பாலும் சீக்கிரமே அடங்கிவிடும்.